மலைநாட்டு இசைக்குழுவில் உங்கள் பிள்ளை: புளூகிராஸ், ஓல்ட் டைம் இசைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடர் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கி ஆகிய மாநிலங்களின் வழியாகச் செல்கிறது. அம்மலையூர்களில் வார இறுதி மாலைகளில் பெரியவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு புளூகிராஸ், ஓல்ட் டைம் என்னும் மலைநாட்டு இசையை வாசித்துக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும் ஃபிடிலும் (வயலின்) பாஞ்சோவுமாக (வட்டமான தோல் முகமும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி) உட்கார்ந்து வாசிப்பதைக் காணலாம். அந்தப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு குழு அமைத்துக்கொள்வதும் அங்கே சாதாரணமாக நடப்பதுதான். வட கரோலினாவின் ராலி, சார்லட் போன்ற ஊர்களில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, இந்த இசையைக் கேட்டு வளராத பெற்றோர் பலர், பிள்ளை ஒருநாள் பாஞ்சோ வேண்டும் என்று கேட்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இதில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான்: தாளத்தை விடாமல் பிடிக்கவும் பிறர் வாசிப்பதைக் கேட்கவும் பழகிய பிள்ளைகளிடமிருந்தே நல்ல குழு உருவாகும். ஆகவே மேடையைப் பற்றிய யோசனையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் படி: இரண்டு இசைகளையும் காதால் பிரித்தறியுங்கள்

ஓல்ட் டைம் என்பது பழைய நடன இசை. பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஃபிடிலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சுரைக்குடுக்கைக் கருவிகளிலிருந்து வளர்ந்த பாஞ்சோவும் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது. இதில் எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பார்கள். தனி வாசிப்பு அநேகமாகக் கிடையாது. ஒரே மெட்டு பத்து நிமிடம் வரைகூடத் திரும்பத் திரும்ப ஓடும்.

புளூகிராஸ் அதிலிருந்து கிளைத்த மேடை இசை. கென்டக்கியின் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ நடத்திய 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயரே இந்த இசைக்கும் வந்தது. 1945இன் இறுதியில் வட கரோலினாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தம் மூன்று விரல் பாஞ்சோ வாசிப்போடு அக்குழுவில் சேர்ந்த பிறகுதான், இன்று நாம் கேட்கும் வேகமும் துடிப்பும் இதில் முழுமையாக அமைந்தன. இங்கே ஒருவர் பாட, பிறகு ஒவ்வொரு கருவிக்காரரும் முறைவைத்துத் தனியாக வாசிப்பார். மற்றவர்கள் அப்போது ஒலியைத் தணித்துக்கொண்டு தாளமும் கார்டும் (ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கொடுப்பார்கள்.

எது உங்கள் பிள்ளைக்கு ஏற்றது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு ஓல்ட் டைம் வட்டம் மிகவும் இதமான இடம். பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒரு பிசகு யார் காதிலும் விழாது. அதே மெட்டு இருபது முறை வருவதால் ஐந்தாம் சுற்றில் தவறியதைப் பத்தாம் சுற்றில் பிடித்துவிடலாம்.

பாஞ்சோவின் ஆப்பிரிக்க வேரைப் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவது நம் கடமை என்று கருதுகிறேன். இந்த இசை வெள்ளையர்களின் சொத்து என்ற எண்ணம் நெடுங்காலம் பரவியிருந்தது. உண்மையில் பில் மன்றோவே தம் இளமையில் ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பின இசைக்கலைஞரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டவர். வட கரோலினாவின் மீபன் ஊரில் வாழ்ந்த முதிய கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டுக்குப் போய் அவரிடம் நேரில் கற்ற இளைஞர்கள்தாம் 2005இல் 'கரோலினா சாக்லெட் டிராப்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். வேறு நிறத்தோடும் வேறு மொழிப் பெயரோடும் அந்த வட்டத்தில் போய் உட்காரும் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரிந்திருப்பது பெரிய பலம்.

இரண்டாம் படி: கருவியை உடலுக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்

ஃபிடிலும் வயலினும் ஒரே கருவிதான். வயதைப் பார்க்காமல் கையின் நீளத்தைப் பார்த்துக் கால், அரை, முக்கால் அளவுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது நல்லது. பிள்ளை வளர வளரக் கடையில் பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்நாடக வயலின் பயின்ற பிள்ளைகளுக்கு இங்கே ஓர் எதிர்பாராத அனுகூலம் உண்டு. ஃபிடிலின் வழக்கமான தந்தியமைப்பு ஜி, டி, ஏ, ஈ என்றாலும், ஓல்ட் டைமில் ஏ சுருதி மெட்டுகளுக்குத் தந்திகளை ஏ, ஈ, ஏ, ஈ என்று மாற்றி வைப்பது பரவலான வழக்கம். இது அப்படியே நம்முடைய ச, ப, ச, ப. பக்கத்துத் தந்தியைச் சேர்த்து ஒலிக்கவிட்டுக்கொண்டே மெட்டை வாசிக்கும் பாணியும் சுருதியோடு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும். நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, கருவியைத் தோளில் வைத்து வாசிக்கத்தான் தனியாகப் பழக வேண்டும்.

பாஞ்சோவில் இரண்டு வகை. பின்புறம் மூடிய, புளூகிராஸுக்குரிய வகை நான்கைந்து கிலோ கனக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க முடியாது. பின்புறம் திறந்த ஓல்ட் டைம் வகையின் எடை ஏறத்தாழ அதில் பாதிதான். ஆகவே சிறு பிள்ளை அதில் தொடங்கலாம். ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையானது. அதன் முறுக்காணி கழுத்தின் நடுவே ஐந்தாவது கட்டையருகே இருக்கும் (கட்டை என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, ஃபிரெட்). வாசிக்கும் முறையும் இரண்டு. கிளாஹாமர் முறையில் நகத்தின் பின்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் ஐந்தாவது தந்தியை மீட்டுவார்கள். ஸ்க்ரக்ஸ் முறையில் கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக்கும் (தந்தியை மீட்ட விரலில் மாட்டும் வளையம்), ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோகப் பிக்குகளும் மாட்டி, கட்டைவிரலால் கீழ்நோக்கியும் மற்ற இரண்டு விரல்களால் மேல்நோக்கியும் மீட்டுவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்பிக்க வேண்டாம்.

மாண்டலின் சிறியது, ஃபிடிலின் அதே தந்தியமைப்பு, விரல் வைக்கும் இடங்களும் ஏறக்குறைய அவையே. ஆனால் நாம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் பார்த்த ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலின் வேறு. இதில் இரும்புத் தந்திகள் இரண்டிரண்டாக எட்டு இருப்பதால் சிறு விரல்களுக்கு அழுத்துவது கடினம். கிட்டாருக்கும் இதே சிக்கல் உண்டு. முக்கால் அளவுக் கருவியில் மெல்லிய தந்திகளைப் போட்டால் வலி குறையும். எந்தக் கருவியானாலும், வாங்கியவுடன் கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்திகளின் உயரத்தைத் தாழ்த்திச் சரிசெய்து வாங்குங்கள். பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளில் பலர் திறமை இல்லாமல் விடுவதில்லை. தந்தி அழுத்த முடியாத உயரத்தில் இருந்ததால்தான் விட்டிருப்பார்கள்.

டபுள் பாஸைப் பெற்றோர் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கென்று கால் அளவில் கிடைக்கிறது. நிதானமான, கவனம் சிதறாத பத்து வயதுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கொடுத்துப் பாருங்கள். பாஸ் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை எல்லாக் குழுவும் தேடி வரும்.

மூன்றாம் படி: கற்றுத்தரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வட கரோலினாவின் அலகேனி மாவட்டத்தில் ஸ்பார்ட்டா என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருந்த ஹெலன் ஒயிட், 2000ஆம் ஆண்டில் 'ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். சுருக்கமாக 'ஜாம்' என்பார்கள். பள்ளி விட்ட பிறகு, சிறு குழுக்களாக, ஃபிடில், பாஞ்சோ, கிட்டார் ஆகியவற்றை அந்தந்த வட்டாரக் கலைஞர்களே காதால் கேட்க வைத்துக் கற்றுத்தருவது இதன் முறை. பெரும்பாலும் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. இன்று சுற்றியுள்ள மாநிலங்களின் பல மாவட்டங்களில் இது நடக்கிறது. கருவி வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு இரவல் கொடுக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் இது இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதில் சேருங்கள். கற்பிப்பதோடு, சம வயதுத் தோழர்களையும் இது கையோடு தந்துவிடுகிறது. குழு அமைய அதைவிட வேறென்ன வேண்டும்?

அது இல்லாத இடத்தில் தனி ஆசிரியரை நாடலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க என் பிள்ளையை எப்போது அனுப்புவீர்கள்? சில மாதங்களிலேயே என்று சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். முறையான மேற்கத்திய வயலின் வகுப்பில் தொடங்கினாலும் தவறில்லை. புகழ்பெற்ற புளூகிராஸ் பாடகியும் ஃபிடில் கலைஞருமான அலிசன் கிராஸ் ஐந்து வயதில் அப்படித் தொடங்கி, சிறுமியாகவே ஃபிடில் போட்டிகளுக்கு வந்து, பதினாறு வயதில் தம் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர்.

நான்காம் படி: காதால் கற்கும் பழக்கத்தை வீட்டில் வளர்த்தெடுங்கள்

கேள்வி ஞானத்தை மதிக்கும் மரபில் வந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பாகங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் ஒரு சுற்று. பிள்ளை முதலில் அந்த மெட்டை வாயால் முணுமுணுக்க வேண்டும். முணுமுணுக்க வராத மெட்டு விரலிலும் வராது.

ஃபிடிலில் பலரும் முதலில் கற்பிக்கும் 'பாயில் தெம் கேபேஜ் டவுன்' என்ற மரபு மெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எளிய வடிவத்தில் மெட்டு முழுவதும் ச, ரி, க, ம என்ற நான்கு ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகிறது: அந்தர காந்தாரத்தில் தொடங்கி, மத்யமத்தைத் தொட்டு, ரிஷபத்துக்கு இறங்கி, கடைசியில் ஷட்ஜத்தில் வந்து நிற்கும். ஒரே தந்தியில் வாசித்துவிடலாம். விரல்கள் பதிந்த பிறகுதான் வில்லின் வேலை தொடங்கும்: ஒரு நீண்ட வீச்சு, இரண்டு குட்டை வீச்சு, மறுபடியும் நீளம், குட்டை, குட்டை. அந்த வீச்சு மாறாமல் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டத் தெரிந்த பிள்ளையை நடனமாடுபவர்கள் முன்னால் தயக்கமின்றி உட்கார வைக்கலாம்.

மெட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்க உதவும் செயலிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. தாளில் எழுதிய குறிப்புகளைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் வேண்டாம். வட்டத்தில் யாரும் தாள் வைத்துக்கொள்வதில்லை, தாளைப் பார்க்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்க்காது. தினமும் பதினைந்து, இருபது நிமிடம் போதும். விரல் நுனிகள் காய்ப்பதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: மெட்டுக்கு முன் தாளம்

பிள்ளைகள் குழுவாக வாசிப்பதைக் கேட்கும்போது எல்லோரும் மெட்டுக்கே ஓடுவதும், அடியில் தாங்க ஆளில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போவதும் காதில் விழும். இதற்கு மருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தாளம் கொடுக்கும் வேலையைத் தனியாகக் கற்பிப்பதுதான். கிட்டாரில் முதலில் தாழ்ந்த ஒலியுள்ள தடித்த தந்தியை ஒரு தட்டு, பிறகு உயர்ந்த ஒலியுள்ள மெல்லிய தந்திகளில் ஒரு வீச்சு. பாஸ் முதல் அடியிலும் மூன்றாவது அடியிலும் விழும். மாண்டலின் இரண்டாவது, நான்காவது அடிகளில் 'சாப்' கொடுக்கும்: கார்டை அழுத்தி வெட்டியதும் இடக்கை விரல்களைச் சற்றே தளர்த்தினால் ஒலி சட்டென்று அடங்கி, மத்தளத்தின் ஒரு தட்டுப்போலக் கேட்கும். மரபான புளூகிராஸ் குழுவில் தோற்கருவி கிடையாது; அதன் வேலையை இந்தச் சாப்தான் செய்கிறது.

கார்டுகளைப் பெயரால் மட்டும் கற்பிக்காமல் எண்ணாலும் கற்பியுங்கள். ஒன்று, நான்கு, ஐந்து என்ற மூன்று கார்டுகளுக்குள் இந்த இசையின் பெரும்பகுதி அடங்கும். ஜி சுருதியில் அவை ஜி, சி, டி; ஏ சுருதியில் ஏ, டி, ஈ. வட்டத்தில் ஒருவர் "ஐந்தில் தொடங்குகிறது" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிட வேண்டும். பாஞ்சோ பெரும்பாலும் ஜியில் சுருதி கூட்டப்பட்டிருக்கும். ஏ சுருதிக்கு மாறும்போது நான்கு நெடுந்தந்திகளின் மீது இரண்டாவது கட்டையில் கேப்போ என்ற, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டுவார்கள். குட்டையான ஐந்தாவது தந்தி அந்தக் கேப்போவுக்கு எட்டாது. அதற்காகக் கழுத்தின் ஓரத்தில், பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் நுண்ணிய ஆணிகளை அடித்து வைத்து, தந்தியை அவற்றின் அடியில் செருகிக்கொள்வார்கள். பாஞ்சோ வாங்கும்போது இந்த ஆணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பழுதுபார்ப்பவரே அடித்துத் தருவார்.

பாடும் பிள்ளையின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ளவும் கேப்போ உதவும். பெரியவர்கள் பாடிய இசைத்தட்டின் சுருதியிலேயே பிள்ளையைப் பாட வைத்துத் தொண்டையைக் கெடுப்பது மிகவும் வருந்தத்தக்க வழக்கம். பாடுபவருக்கு வசதியான சுருதிக்குக் கருவிகள்தாம் வர வேண்டும்.

ஆறாம் படி: ஜாம் வட்டத்தில் உட்காருங்கள்

ஜாம் வட்டம் என்பது மேலே சொன்ன 'ஜாம்' பயிற்சித் திட்டம் அல்ல; பலர் கூடி ஒத்திகையின்றிச் சேர்ந்து வாசிப்பது. வர்ஜீனியாவில் ஃப்ளாய்ட் ஊரின் கன்ட்ரி ஸ்டோரில் வெள்ளிக்கிழமை மாலைகளில் இசையும் நடனமும் நடக்கும். ஹில்டன்ஸில் 'கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்' அரங்கில் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. இரண்டும் மது அனுமதியில்லாத குடும்ப நிகழ்ச்சிகள். கேலக்ஸ் அருகே புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையை ஒட்டியுள்ள இசை மையத்தில் பருவகாலத்தில் நண்பகல் வேளைகளில் வட்டாரக் கலைஞர்கள் வாசிப்பார்கள். வட கரோலினாவின் மவுண்ட் ஏரியில் 1948 முதல் ஒலிபரப்பாகும் டபிள்யூபிஏக்யூ வானொலியின் சனிக்கிழமை நிகழ்ச்சியும் மக்கள் முன்னிலையில் நடப்பது. முதல் சில வாரங்கள் கருவி இல்லாமலே போய், கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள்.

வட்டத்துக்கு எழுதப்படாத ஒழுங்கு உண்டு. கருவியைச் சுருதி கூட்டிக்கொண்டுதான் நெருங்க வேண்டும். "நான் உட்காரலாமா?" என்று பிள்ளையே வாய்விட்டுக் கேட்க வேண்டும், நீங்கள் கேட்கக் கூடாது. மெட்டு தெரியாவிட்டால் வட்டத்துக்குப் பின்னால் நின்று மெல்லிய ஒலியில் தொட்டுப் பார்க்கலாம். புளூகிராஸில் தனி வாசிப்பு முறை தன்னிடம் வரும்போது விருப்பமில்லையென்றால் தலையை அசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஓல்ட் டைம் வட்டத்தில் மெட்டைத் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு மெட்டு முடிகிறது என்று பொருள். பாஞ்சோவையும் ஃபிடிலையும் அடிக்கடி மாற்றிச் சுருதி கூட்ட வேண்டியிருப்பதால் ஒரே சுருதியிலேயே ஒரு மணி நேரம்கூடப் போகும். நடுவில் வேறு சுருதி மெட்டைக் கேட்கக் கூடாது. பிள்ளை வாசிக்கும்போது பெற்றோர் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுப்பதைத் தவிர்த்தால் வட்டத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

ஏழாம் படி: குழு அமைத்தல்

நான்கு அல்லது ஐந்து பேர் போதும். ஒரே திறனுள்ளவர்களாகத் தேடாதீர்கள். ஒரே அளவு ஆர்வமுள்ளவர்களாகத் தேடுங்கள். ஃபிடில், பாஞ்சோ, கிட்டார், பாஸ் என்று நான்கு அமைந்தால் ஓல்ட் டைம் குழு முழுமை. மாண்டலினும் சேர்ந்தால் புளூகிராஸ். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடட்டும். ஐந்து மெட்டுகளை நன்றாகப் பழகிய பிறகே ஆறாவதை எடுக்கட்டும். எந்த மெட்டு, யார் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பவற்றைப் பிள்ளைகளே பேசித் தீர்மானிக்க விடுங்கள். பெரியவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். ஆனால் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். சண்டை வந்தாலும் பெரும்பாலும் அடுத்த மெட்டு தொடங்கும்போது ஆறிவிடும்.

எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் பழைய முறையைக் கட்டாயம் பழக்குங்கள். தனி வாசிப்பு வரும் பிள்ளை ஓர் அடி முன்னே வர வேண்டும், முடித்தவர் பின்னே விலக வேண்டும், பாடுபவர் நடுவில் நிற்க வேண்டும். ஃபிடில்காரியின் வில் முழங்கை நீளும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பாஞ்சோவின் கழுத்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பிள்ளை வட்டத்தின் இடக்கோடியில் நிற்பது பாதுகாப்பு. ஏழு வயதுக்காரனும் பதின்மூன்று வயதுக்காரியும் ஒரே குழுவில் இருந்தால் மைக்கை நடுத்தர உயரப் பிள்ளையின் மார்பளவுக்கு வைத்து, குட்டையானவர் நெருங்கி நிற்கவும் உயரமானவர் சற்று விலகி நிற்கவும் பழக்க வேண்டும். இதை வீட்டில் ஒரு துடைப்பத்தை மைக்காக நிறுத்தி ஒத்திகை பார்க்கலாம். இப்படி நகர்ந்து பழகிய பிள்ளைகள் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் இருக்கவே முடியாது. ஒலியின் அளவும் தானாகச் சமப்படும்.

எட்டாம் படி: விழாவும் போட்டியும்

வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935 முதல் நடந்துவரும் 'ஓல்ட் ஃபிடிலர்ஸ் கன்வென்ஷன்' ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஃபெல்ட்ஸ் பூங்காவில் கூடுகிறது. அதன் திங்கட்கிழமை மாலை இளையோர் போட்டிக்கு உரியது. மவுண்ட் ஏரியில் 1972 முதல் ஜூன் தொடக்கத்தில் இதேபோன்ற கூட்டம் நடக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப்பில் கோடையில் நடக்கும் விழாவுக்குக் குடும்பங்கள் கூடாரத்தோடு வந்து தங்குகின்றன. மின்கருவிகளுக்கு இங்கெல்லாம் இடமில்லை. மேடையில் மூன்று நிமிடம் வாசிப்பதைவிட, கூடாரங்களுக்கு நடுவே நள்ளிரவுவரை நடக்கும் வட்டங்களில்தான் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பதால், போட்டிக்குப் பெயர் கொடுக்காவிட்டாலும் அங்கே போய்வருவது பயன் தரும். புளூகிராஸ் குழுக்களுக்கு, சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் 'கிட்ஸ் ஆன் புளூகிராஸ்' என்ற தனி நிகழ்ச்சியும் உண்டு.

பிற்காலத்தில் புகழ்பெற்ற மாண்டலின் கலைஞர்களான இருவரில், ரிக்கி ஸ்கேக்ஸ் ஆறு வயதில் பில் மன்றோவின் மேடையில் ஏறி வாசித்ததையும், கிறிஸ் தீல் எட்டு வயதில் 'நிக்கல் கிரீக்' குழுவில் சேர்ந்ததையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்தக் கதைகளைப் பிள்ளைக்கு அளவுகோலாக ஆக்கிவிடாதீர்கள். அவற்றில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஸ்கேக்ஸின் தந்தை வீட்டிலேயே மகனோடு உட்கார்ந்து வாசித்தவர்; தீலும் அவருடைய தோழர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு பீட்சா கடையில் வாராவாரம் நடந்த புளூகிராஸ் நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் குழு கலையலாம். ஒருவர் விளையாட்டுக்குப் போவார், ஒருவருக்குக் குரல் உடையும், ஒரு குடும்பம் ஊர் மாறும். தொடர விரும்பும் பிள்ளைக்குக் கோடைக்கால முகாம்கள் உள்ளன: ஆஷ்வில் அருகே வாரன் வில்சன் கல்லூரியில் நடக்கும் 'ஸ்வானனோவா கேதரிங்', மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸில் இயங்கும் 'அகஸ்டா ஹெரிட்டேஜ் சென்டர்' ஆகிய இரண்டும் பலருக்கும் தெரிந்தவை. பள்ளிப்படிப்பு முடிந்த பிறகும் இதையே படிக்க நினைத்தால், கிழக்கு டென்னசி அரசுப் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் புளூகிராஸுக்கென்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. முகாம்களின் கட்டணச் சலுகைக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், குளிர்காலத்திலேயே விசாரித்து வைத்துவிடுங்கள்.